பசித்த மனதுக்கு எந்தத் தமிழ் வேதாகமம்? ஓ.வி.யும் பொது மொழிபெயர்ப்பும்: ஒரு மதிப்புரை

வேலை, வீடு, வண்டி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஓரளவு கைகூடிய பிறகும் உள்ளே ஏதோ ஒன்று நிறையவே மாட்டேன் என்கிறது. அந்த நிலையில் "ஒரு நல்ல பைபிள் வேண்டும்" என்று கேட்டு வருகிறவர்களுக்காகவே இந்த மதிப்புரை. பரிசளிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ வாங்குகிறவர்களின் தேவை வேறு. இங்கே கேள்வி ஒன்றுதான்: சம்பாத்தியமும் பொருளும் தராத நிறைவைக் கிறிஸ்தவ விசுவாசம் தரும் என்றால், அதைச் சொல்லும் புத்தகத்தைத் தமிழில் எந்தப் பதிப்பில் வாங்குவது, வாங்கியதை எப்படி வாசிப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் வாய்விட்டு வாசிக்க ஓ.வி. (ஓல்டு வெர்ஷன்) என்கிற பழைய மொழிபெயர்ப்பு. பொருள் பிடிபடாத இடத்தில் திறந்து பார்க்க, கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்து 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. இரண்டிலும் சாதாரண அட்டைப் பதிப்பே போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், சிறுவயதிலிருந்து வேதம் கேட்டு வளர்ந்தவர் ஓ.வி.யை வாங்கலாம். முதல் தடவையாகத் திறப்பவர் பொது மொழிபெயர்ப்பை வாங்கட்டும்.

ஓ.வி. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் நடை ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715இல் அங்கேயே அச்சேறியது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்ரிசியஸ் செய்த மொழிபெயர்ப்பைத் தமிழ் லுத்தரன்கள் நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் தலைமையில் நடந்த வேலையில் ஆறுமுக நாவலரின் கை இருந்தது. அது 1850இல் வெளிவந்தது. இவற்றுக்கெல்லாம் பிறகு ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த மொழிபெயர்ப்பைத்தான் இன்று ஓ.வி. என்கிறோம். 150 ஆண்டு தாண்டிய தமிழ் அது. கையில் எடுக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் முதலிலேயே தீரும்.

ஓ.வி.யின் பலம் காதில்தான் தெரியும். பிலிப்பியர் 4:12ஐ உரக்க வாசித்துப் பாருங்கள்: "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." ஓர் எழுத்து மாறுகிறது, மனிதனின் நிலைமை தலைகீழாகிறது, தெரிந்துவைத்திருக்கும் மனம் மட்டும் மாறாமல் நிற்கிறது. இதற்கு முந்தைய வசனத்தில் "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார் பவுல். பொது மொழிபெயர்ப்பில் அது "மனநிறைவு". சரியான சொல்தான். ஆனால் மனரம்மியம் என்ற சொல் நாக்கில் சற்று நேரம் நிற்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: "கற்றுக்கொண்டேன்" என்கிறார். கட்டுண்டு காவலில் கிடக்கும் மனிதர் எழுதிய கடிதம் அது. நிறைவு ஒரே நாளில் வந்து இறங்கியதாக அவர் சொல்லவில்லை. பசியிலும் பரிபூரணத்திலும் மாறி மாறி இருந்து பழகியதாகச் சொல்கிறார். வேதாகமம் வாங்கி ஒரு வாரத்தில் மனம் நிறையவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்கள் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு அடியில் கோடு போட்டுவைக்க வேண்டும்.

இனி ஓ.வி. எங்கே காலை வாருகிறது என்று பார்ப்போம். சொற்கள் அப்படியே இருக்க, அவற்றின் பொருள் இடம்பெயர்ந்துவிட்டது. சங்கீதம் 23இன் முதல் வசனம் கிறிஸ்தவ வீடுகளின் காலண்டர்களில் அதிகம் தொங்குவது: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." இன்று தாழ்ச்சி என்றால் பிறர் முன்னால் தாழ்ந்துபோவது என்றுதான் படும். அதனால் "யாருக்கும் கீழே போகமாட்டேன், முன்னேறிக்கொண்டே இருப்பேன்" என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அங்கே சொல்லப்படுவது குறைவு, இல்லாமை. பொது மொழிபெயர்ப்பு இதைத் தெளிவாக்குகிறது: "ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை." அந்தஸ்தைப் பற்றிய வாக்குறுதியாக வாசிப்பதற்கும் போதுமென்ற மனதின் அறிக்கையாக வாசிப்பதற்கும் இடையே மலையளவு வித்தியாசம் இருக்கிறது.

மத்தேயு 6:24இலும் இதே சிக்கல்: "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது." ஊழியம் என்றதும் நமக்குச் சபை வேலை, பிரசங்கம், கன்வென்ஷன் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. மூலத்தில் அது அடிமை தன் எஜமானுக்குச் செய்யும் வேலை. வாரத்தில் ஆறு நாள் யாருக்கு அடிமையாய் இருக்கிறாய் என்று கேட்கிற வசனம் அது. "உலகப்பொருள்" என்ற சொல் மட்டும் ஓ.வி.யில் அருமை. பொது மொழிபெயர்ப்பில் "செல்வம்" என்று இருப்பதால், பணக்காரர்களுக்கு மட்டும் சொன்னதாகத் தோன்றிவிடுகிறது. தவணையில் வாங்கிய பைக்கும் உலகப்பொருள்தான். மாற்கு 4:19இல் வரும் "இச்சைகள்" என்பதையும் இன்றைய காது காம இச்சையாகவே கேட்கிறது. அங்கே பேசப்படுவது மற்ற பொருள்களின் மேல் வரும் ஆசை. அதே வசனத்தில் இருக்கும் "ஐசுவரியத்தின் மயக்கம்" என்ற தொடருக்கு மட்டும் இன்றுவரை தமிழில் ஈடு கிடையாது என்பேன்.

இரண்டு மொழிபெயர்ப்பும் சேர்ந்தே தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நம் தேவைக்கு மிக முக்கியமான இடமும் அதுதான். பிரசங்கி 1:2. ஓ.வி.யில் "மாயை, மாயை, எல்லாம் மாயை". பொது மொழிபெயர்ப்பில் இந்தப் புத்தகத்தின் பெயரே சபை உரையாளர். அங்கே "வீண், முற்றிலும் வீண்". எபிரெயச் சொல் ஹெவெல். மூச்சு, ஆவி, நீராவி என்பது அதன் அடிப்படைப் பொருள். பனிக்காலத்தில் வாயைத் திறந்தால் புகைபோல வருமே, அது. கண்ணுக்குத் தெரியும், இருப்பது உண்மை, ஆனால் கைக்குள் பிடித்துவைக்க முடியாது. மாயை என்று போட்டதும் தமிழ் மனம் வேறு திசைக்குப் போகிறது. வேதாந்தமும் சைவ சித்தாந்தமும் பல நூற்றாண்டுகளாகப் பொருள் ஏற்றிவைத்த சொல் அது. உலகமே பொய்த்தோற்றம் என்று இந்தப் புத்தகம் சொல்வதாக வாசகர் முடிவு கட்டிவிடுகிறார். வீண் என்று போட்டாலோ, எதுவும் உபயோகமில்லை என்ற சலிப்பு மட்டும் மிஞ்சுகிறது. இரண்டுமே புத்தகத்தோடு ஒட்டவில்லை. உண்பதும் குடிப்பதும் உழைப்பின் பலனை அனுபவிப்பதும் தேவனுடைய கரத்திலிருந்து வருகிறது என்று 2:24இல் அதே பிரசங்கிதான் சொல்கிறான். உலகத்தைப் பொய் என்று தள்ளுகிறவன் அப்படிச் சொல்ல மாட்டான். பொருள் நல்லதுதான்; ஆனால் அது மூச்சுக்காற்று, அதன்மேல் வீடு கட்ட முடியாது. இதுதான் அவன் வாதம்.

ஆகவே எந்தப் பதிப்பை வாங்கினாலும் பிரசங்கியின் முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் "யாக்கோபு 4:14" என்று எழுதிவிடுங்கள். "கொஞ்சக்காலந்தோன்றி, பின்பு தோன்றாமற்போகிற புகை" என்று மனித வாழ்வை அங்கே சொல்லியிருக்கிறது. மாயை என்று வரும் இடத்திலெல்லாம் அந்தப் புகையை வைத்து வாசித்தால் புத்தகம் முழுவதும் திறந்துகொள்ளும்.

அமைப்பில் பொது மொழிபெயர்ப்பு வெகுதூரம் முன்னே நிற்கிறது. கவிதை கவிதை வரிகளாகவே அச்சாகியிருக்கிறது. பத்திகள், தலைப்புகள், அடிக்குறிப்புகள், நூலுக்கு முன் ஒரு சிறு அறிமுகம் எல்லாம் உண்டு. ஓ.வி.யின் பெரும்பாலான பதிப்புகளில் வசனத்துக்கு வசனம் புதிய வரி. மேற்கோள் குறி இல்லாததால் யார் பேசுகிறார் என்று தெரியாமல் இரண்டு வரி பின்னால் போய் வாசிக்க வேண்டியிருக்கும். யோபு புத்தகத்தில் இது பெரிய தொல்லை. பெண் வாசகர்களுக்கு இன்னொரு விஷயம்: யோவான் 6:35இல் ஓ.வி. "என்னிடத்தில் வருகிறவன் ஒருக்காலும் பசியடையான்" என்கிறது; பொது மொழிபெயர்ப்பு "என்னிடம் வருபவருக்குப் பசியே இராது" என்கிறது. மூலத்தின் அழைப்பு எல்லாருக்குமானது. தமிழிலும் அப்படிக் கேட்பது நல்லது. ஆனால் அதே வசனத்தின் "ஜீவ அப்பம்" என்பதை "வாழ்வு தரும் உணவு" என்று மாற்றியதில், கையில் பிட்டுக் கொடுக்கும் ஒரு பண்டம் பொதுப்பெயராகிவிட்டது. எனக்கு இது இழப்பாகவே படுகிறது.

வாங்கும்போது பொருளடக்கத்தைப் பாருங்கள். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள். தோபித்து, சீராக்கின் ஞானம், மக்கபேயர் போன்றவை சேர்ந்திருக்கும். புராட்டஸ்டண்டு பதிப்பில் 66. பெயர்களும் மாறும்: ஓ.வி.யின் சங்கீதம் பொது மொழிபெயர்ப்பில் திருப்பாடல்கள், அப்போஸ்தலருடைய நடபடிகள் அங்கே திருத்தூதர் பணிகள். சபையில் வசனம் சொல்லும்போது பக்கம் தேடித் தடுமாறாமல் இருக்க, முதல் வாரத்திலேயே இந்தப் பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள்.

இனி புத்தகம் என்ற பொருளைப் பார்ப்போம். வேதாகமத் தாள் மெல்லியது. மறுபக்க எழுத்து எவ்வளவு தெரிகிறது என்பதுதான் முதல் சோதனை. சங்கீதப் பகுதியைத் திறந்து, கடையின் வெளிச்சத்தில் பார்க்காமல் வாசல் பக்கம் நின்று, நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில் பிடித்து பத்து வசனம் வாசியுங்கள். எழுத்தின் அளவு எத்தனை பாயிண்ட் என்று கேட்பதைவிட இது நம்பகமானது. தமிழில் சுழியும் கொம்பும் நெருங்கிவிட்டால் ன, ண வேறுபாடே மங்கிப்போகும். அடுத்தது தையல். முதுகின் மேல்முனையை உற்றுப் பாருங்கள். தாள்கள் சிறுசிறு கட்டுகளாக மடிந்து, ஃபாரம் ஃபாரமாகத் தெரிந்தால் தைத்தது. ஒரே சீராக வெட்டிய தாள்கள் பசையில் நிற்பதுபோல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். தினமும் திறக்கிற புத்தகம் பசையில் நிற்காது. பெரும்பாலும் அதிகம் திறக்கிற சங்கீதப் பக்கம்தான் முதலில் கழன்று வரும்.

ஜிப் வைத்த உறை மழைக்கு நல்லது. ஆனால் ஜிப்பின் பல் தாளின் ஓரத்தைச் சுரண்டும், சற்று அவசரப்பட்டால் ரிப்பனைக் கடிக்கும். ரெக்சின் அட்டை வியர்வைக் கையில் சில ஆண்டுகளில் உரியத் தொடங்கும். கனமான துணி அட்டையோ கெட்டி அட்டையோ அதைவிட உழைக்கும். பொன்விளிம்புப் பதிப்பில் புதுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நடுவில் திடீரென்று விரித்தால் முதுகு பிளந்துவிடும். முதுகை மேசையில் வைத்து, இரண்டு அட்டையையும் விரித்து, முன்னாலிருந்து சில தாள், பின்னாலிருந்து சில தாள் என்று மாறி மாறித் தடவி இறக்கிக்கொண்டே நடுப்பக்கம் வரை வர வேண்டும். பத்து நிமிட வேலை. புத்தகத்துக்குப் பத்து ஆண்டு ஆயுள்.

கோடு போட ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் வேண்டாம், மறுபக்கம் ஊறிவிடும். கலர் பென்சில் போதும். கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்த வேதாகமத்தைத்தான் இராமபாணப் பூச்சி தேடிப் போகும். தினமும் திறந்து காற்றுப் படுகிற புத்தகத்தில் அது தங்குவதில்லை.

விலை உயர்ந்த தோல் பதிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. அழகானவைதான். ஆனால் கோடு போட மனம் வராது, பஸ்ஸில் எடுத்துப்போக மனம் வராது, சமையல் கையோடு தொடவும் மனம் வராது. உலகப்பொருளிலிருந்து மனதைத் திருப்ப வாங்கிய புத்தகமே பத்திரப்படுத்த வேண்டிய உலகப்பொருளாகிவிடும். அந்தப் பணத்தில் சாதாரணப் பதிப்பு இரண்டு வாங்கி ஒன்றை வேறு யாருக்காவது கொடுக்கலாம். ஒத்துவாக்கியம் உள்ள பதிப்புக்கு மட்டும் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்கலாம், தகும். ஒரு வசனத்திலிருந்து இன்னொரு வசனத்துக்கு வழிகாட்டும் அந்தப் பொடி எழுத்துகள் தனியாக வாசிப்பவருக்கு ஆசிரியர் மாதிரி.

கைபேசிச் செயலிகளில் தமிழ் மொழிபெயர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சொல் தேட, இரண்டு மொழிபெயர்ப்பை அருகருகே பார்க்க மிகவும் வசதி. தினசரி வாசிப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் ஆசைகளைத் தூண்டுவதற்கென்றே வேலை செய்கிற கருவி அது. ஏசாயா 55:2இல் "திருப்திசெய்யாத பொருளுக்காக உங்கள் பிரயாசத்தையும் செலவழிப்பானேன்?" என்று வாசித்துக்கொண்டிருக்கும்போதே திரையின் மேலிருந்து தள்ளுபடி அறிவிப்பு இறங்கும்.

வாங்கியாயிற்று. எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலோர் ஜனவரி 1ஆம் தேதி ஆதியாகமம் 1இல் தொடங்குகிறார்கள். 66 நூல்களில் மொத்தம் 1189 அதிகாரம். வாரநாளில் 3, ஞாயிறன்று 5 என்று வாசித்தால் ஓராண்டில் முடிந்து, பத்து அதிகார அளவு இடைவெளியும் மிஞ்சும். கணக்கு சரிதான். ஆனால் யாத்திராகமம் 25இல் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும். அதைத் தாண்டினால் லேவியராகமத்தின் 27 அதிகாரம். பலர் நின்றுபோவது இங்கேதான். விட்ட நாள்களின் பாக்கி ஏற ஏற, வாசிப்பு கடன் தவணை போலாகி, குற்ற உணர்ச்சியில் புத்தகத்தையே மூடிவிடுகிறார்கள்.

நிறைவைத் தேடி வருகிறவருக்கு வேறு வரிசை உதவும். பிரசங்கி 12 அதிகாரம், லூக்கா 24, யோவான் 21, பிலிப்பியர் 4. மொத்தம் 61, நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு மாதம். பிரசங்கி கேள்வியைக் கூர்மையாக்கும். எதையும் அனுபவித்துப் பார்த்த ஒருவன், சூரியனுக்குக் கீழே எங்கும் பிடிமானம் இல்லை என்று சொல்லிவிடுவான். லூக்கா அதே கேள்வியை ஒரு களஞ்சியத்துக்கு முன் கொண்டுவந்து நிறுத்தும். 12ஆம் அதிகாரத்து ஐசுவரியவான் தன் ஆத்துமாவைப் பார்த்தே "நீ இளைப்பாறி, புசித்துக் குடித்து, பூரிப்பாயிரு" என்கிறான். அன்றிரவே உயிர் போகிறது. அவன் விளைச்சலைத் தவறு என்று இயேசு சொல்லவில்லை. தானியத்தை ஆத்துமாவுக்குச் சாப்பாடாக நினைத்ததுதான் தவறு. யோவானில் கிணற்றடிச் சமாரியப் பெண்ணுக்கும் அப்பம் தின்று திருப்தியான கூட்டத்துக்கும் விடை வருகிறது; அந்த விடை ஒரு கொள்கையாக வராமல் ஓர் ஆளாக வருகிறது. பிலிப்பியரில் அந்த விடையோடு வாழ்ந்துபார்த்த ஒருவர் எழுதுகிறார். லூக்கா முதல் அதிகாரத்துக்கு மட்டும் 80 வசனம். அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கும் முறை பழையது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி அதை நான்கு படிகளாக எழுதிவைத்தார். முதலில் அதிகாரத்தை வாய்விட்டு, நிதானமாக வாசியுங்கள். பிறகு மனம் தட்டிய ஒரே ஒரு வசனத்தை இரண்டு மூன்று முறை திரும்பச் சொல்லுங்கள். மூன்றாவது, அந்த வசனத்தின் சொற்களைக் கொண்டே ஜெபியுங்கள், ஓ.வி.யில் "என் ஆத்துமா உம்மை வாஞ்சித்துக் கதறுகிறது" போன்ற வரிகள் அப்படியே ஜெபமாகும். நான்காவது, எதுவும் கேட்காமல் சற்று நேரம் சும்மா இருங்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். நான்காவது படியில்தான் பலருக்கும் கை கைபேசியைத் தேடும். ஐந்து நிமிடம் முடியவில்லை என்றால் இரண்டு நிமிடம் இருங்கள், படியைத் தாண்டிவிடாதீர்கள்.

ஒரு தவறைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வசனம் அச்சிட்ட அட்டை ஒன்றை எடுத்து, அதையே தேவன் தனக்குத் தந்த வாக்குறுதியாகக் கொள்ளும் வாக்குத்தத்த வசனப் பழக்கம் நம் சபைகளில் ஆழமாக இருக்கிறது. வசனம் தனியே பிரிந்து வரும்போது பொருள் புரண்டுவிடுகிறது. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது பரீட்சைக்கும் புதுக்கடை திறப்புக்கும் போடப்படுகிறது. அது பிலிப்பியர் 4:13. முந்தைய இரண்டு வசனத்தைச் சேர்த்து வாசித்தால், பட்டினி கிடக்கவும் குறைவில் வாழவும் கிடைத்த பெலனைத்தான் பவுல் சொல்கிறார் என்று தெரியும். அட்டை வரட்டும், வந்த அன்றே அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துவிடுங்கள்.

வயதானவர்களுக்காகப் பெரிய எழுத்துப் பதிப்பு தேடுகிறவர்கள் எடையையும் பாருங்கள். கட்டிலில் சாய்ந்தபடி பிடிக்க முடியாத கனம் என்றால் அலமாரிக்குத்தான் போகும். அதற்குப் பதிலாகப் புதிய ஏற்பாடும் சங்கீதமும் நீதிமொழிகளும் மட்டும் சேர்ந்த சிறு தொகுதியை வாங்குவார்கள். கைக்கு அடக்கம், நல்ல தேர்வுதான். ஆனால் அதில் பிரசங்கி இருக்காது, ஏசாயாவும் இருக்காது. வீட்டிலுள்ள பெரிய வேதாகமத்திலிருந்து அந்தப் பன்னிரண்டு அதிகாரத்தையும் ஏசாயா 55ஐயும் பேரப்பிள்ளை யாராவது மாலையில் பாட்டிக்கு வாசித்துக் காட்டலாம். ஓர் அதிகாரத்துக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும்.